சோப்பு நாடகம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் சேரியிலிருந்து நாங்கள் ஐந்தாறு பிள்ளைகள் ஊர்த்தெருவுக்கு ஓடுவோம். 'ஒளியும் ஒலியும்' பார்க்க. 1996ஆம் வருஷம். எனக்கு எட்டு வயது. நூம்பலில் அப்போது இன்னும் நெல் விளைந்துகொண்டிருந்தது. வேலப்பன்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடந்தால் வயல்காற்று அடிக்கும். பிளாட் போட்டு மஞ்சள் கல் நட்டதெல்லாம் பிறகுதான்.

அம்மா வேலை செய்த வீட்டு ஜன்னல்தான் எங்களுக்கு டெண்ட் கொட்டாய். டி.வி. கூடத்தில் கொஞ்சம் சாய்வாக இருந்தது. ஜன்னல் கம்பியில் வலது பக்கம் முகத்தை வைத்தவர்களுக்குத்தான் முழுப்படமும் தெரியும். இடது பக்கம் நின்றால் கதாநாயகி மட்டும் தெரிவாள், அவள் யாரைப் பார்த்து ஆடுகிறாள் என்பது தெரியாது. அந்த வலது பக்கத்துக்காகச் சண்டை போடுவோம். சத்தம் கேட்டால் ஜன்னல் கதவு சாத்தப்படும். அதனால் சத்தமில்லாமல் கிள்ளிக்கொள்வோம். கொசு கடித்தாலும் அடிக்கமாட்டோம், தேய்த்துக்கொள்வோம்.

அந்த டி.வி.யைத் தினமும் துடைத்தது என் அம்மா. கூடம் வரைக்கும் அவளுக்கு அனுமதி உண்டு. சமையல் கட்டுக்கும் சாமி ரூமுக்கும் கிடையாது. பெட்டிக்கு ஒரு துணி, கண்ணாடிக்கு ஒரு துணி என்று தனித்தனியாக வைத்திருப்பாள். அதன் முதுகுப் பக்கம் எத்தனை ஓட்டை இருக்கிறது என்பதுகூட அவளுக்குத் தெரியும். ஆனால் அதன் முன்னால் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. நாங்கள் ஜன்னலில் தொங்கிக்கொண்டிருக்கும் நேரம் அவள் பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள். டி.எம்.எஸ். பாட்டும் பாத்திரச் சத்தமும் ஒன்றாகத்தான் எனக்குக் காதில் விழும்.

ஐப்பசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நல்ல மழை. ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு இருந்தாலும் சாரல் அடித்தது. மற்ற பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். பாட்டு பாதியில் இருந்தது. நான் திண்ணைமேல் ஏறி நின்றுவிட்டேன். திறந்திருந்த வாசல் வழியாக டி.வி. நேராகத் தெரிந்தது. முதல் தடவையாக முழுத் திரையையும் பார்த்தேன். ஒரு பாட்டு நேரம்கூட இருக்காது. உள்ளேயிருந்து அந்த வீட்டம்மா வந்து என்னைப் பார்த்தார். திட்டவில்லை, அடிக்கவில்லை. உள்ளே திரும்பி அம்மாவைக் கூப்பிட்டு, "திண்ணையக் கழுவி வுட்டுட்டுப் போ" என்று மட்டும் சொன்னார்.

மழையே கழுவிக்கொண்டிருந்த திண்ணையை என் அம்மா சோப்புத் தூள் போட்டுக் கழுவினாள். அவள் பெற்ற மகள் நின்ற இடத்தை. நான் தெருவில் நனைந்துகொண்டு பார்த்தேன். உள்ளே அடுத்த பாட்டு ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னை அடித்தாள். அப்புறம் சோறு போட்டாள். அதைப் பற்றி அதன்பிறகு நாங்கள் இரண்டு பேருமே பேசியதில்லை.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், பல வருஷம் கழித்து எம்.ஏ. தமிழ் படிக்கும்போது வெகுசன ஊடகம் பற்றிய ஒரு கட்டுரையில் 'சோப் ஓபரா' என்ற வார்த்தையைப் படித்தேன். தமிழில் யாரோ அதை 'சோப்பு நாடகம்' என்று போட்டிருந்தார்கள். வகுப்பில் இருந்தவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. எனக்கு மட்டும் அந்தத் திண்ணை ஞாபகம் வந்தது.

அந்தப் பெயருக்கான காரணம் எளிமையானது. 1930களில் அமெரிக்க வானொலியில் பகல் நேரத்தில் தொடர் நாடகங்கள் வந்தன. வீட்டில் இருக்கிற பெண்கள் கேட்பார்கள் என்று பிராக்டர் அண்ட் கேம்பிள் போன்ற சோப்புக் கம்பெனிகள் அவற்றுக்குப் பணம் போட்டன. 'கைடிங் லைட்' என்ற நாடகம் 1937இல் வானொலியில் தொடங்கி, 1952இல் டி.வி.க்கு வந்து, 2009 வரைக்கும் ஓடியது. எழுபத்திரண்டு வருஷம்! மூன்று தலைமுறை அழுதிருக்கும். கதை யாருக்காக என்றால் சோப்பு வாங்குகிறவர்களுக்காக. கதையில் யார் இருக்கலாம் என்பதையும் சோப்பு விற்கிறவனே முடிவு செய்தான். வெள்ளைக்காரக் குடும்பம், பெரிய வீடு, டாக்டர், வக்கீல், கள்ளக்காதல், சொத்துத் தகராறு. நம் மெகா சீரியலின் சாதகம் அங்கேதான் எழுதப்பட்டது.

அங்கிருந்து நமக்கு அது நேராக வரவில்லை. மெக்சிகோ வழியாக வந்தது. அந்த நாட்டில் மிகேல் சபீதோ என்பவர் எழுத்தறிவு, குடும்பக் கட்டுப்பாடு போன்ற விஷயங்களைத் தொடர் நாடகத்துக்குள் வைத்து ஒளிபரப்பினார். அதைப் பார்த்துவிட்டு தூர்தர்ஷன் 1984 ஜூலையில் 'ஹம் லோக்' தொடரை ஆரம்பித்தது. 'நாம்' என்று அர்த்தம். அந்த 'நாம்'இல் நாம் இருந்தோமா என்று கேட்கவேண்டும். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் அதற்கு முன்பே, 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கிவிட்டது. சன் டி.வி. 1993 ஏப்ரல் 14இல் வந்தது. அது பாபாசாகேப் பிறந்தநாள் என்பது அவர்களுக்கு ஞாபகம் இருந்ததா தெரியாது, அவர்கள் கணக்குக்கு அது சித்திரை ஒன்று.

சென்னைத் தொலைக்காட்சியில் எங்கள் நைனா கேட்டு வைத்திருந்த ஒரே நிகழ்ச்சி 'வயலும் வாழ்வும்'. அதுவும் டீக்கடை டி.வி.யில், வெளியே நின்றபடி. விவசாயிகளைக் கூப்பிட்டு என்ன உரம், என்ன பூச்சிமருந்து என்று பேட்டி எடுப்பார்கள். நைனா ஒரு நாள் வீட்டில் வந்து சொன்னார்: "அதுல பேசறவன் பூரா நெலத்துக்காரன். அவன் 'நான் நட்டேன், நான் அறுத்தேன்'னு சொல்றான். எங்கடா நட்ட நீ? வரப்புல கொட புடிச்சிகினு நின்ன. நட்டது உங்க அம்மா, உங்க ஆயா. சேத்துல குனிஞ்சவங்க மூஞ்சி எப்பிடிடா கேமராவுல தெரியும்?" வயல் இருந்தது. எங்கள் வாழ்வுதான் அதில் இல்லை. ஊடக விமர்சனம் என்று நான் பிறகு படித்த புத்தகங்களில் இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொல்லவில்லை.

1999இல் எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டுக்குக் கருப்பு வெள்ளைப் பெட்டி வந்தது. அந்த வீட்டு வாசலில் செருப்பு குவிந்து கிடக்கும். 'சித்தி' ஓடிய காலம். உள்ளே போக இடமில்லாதவர்கள் வாசலில் உட்காருவார்கள். யாரும் யாரையும் வெளியே நிற்கச் சொன்னதில்லை. 2006 தேர்தலில் தி.மு.க. வாக்குறுதி கொடுத்து, 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கினார்களே, அதில் எங்களுக்கும் ஒன்று 2008இல் கிடைத்தது. தமிழ்நாடு முழுக்க ஒரு கோடிக்கும் மேல் கொடுத்தார்கள். ஓட்டுக்குக் கொடுத்த லஞ்சம், சோம்பேறியாக்கும் திட்டம் என்று படித்தவர்கள் எழுதினார்கள். அவர்கள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே யார் நின்றார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அந்தப் பெட்டி வந்த அன்று அம்மா செய்த முதல் காரியம், பழக்கத்தில் ஒரு துணியை எடுத்துத் துடைத்ததுதான். அப்புறம் அதன் முன்னால் உட்கார்ந்தாள். அவளுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும்.

அதிலிருந்து அம்மா சீரியல் பார்க்க ஆரம்பித்தாள். நான் இயக்கத்தில் இருந்தேன். "இதெல்லாம் பார்ப்பனியக் குடும்ப மதிப்பீடும்மா, பெண்ணடிமைத்தனம்" என்று வகுப்பு எடுப்பேன். அவள் காதில் வாங்கமாட்டாள். ஆனால் ஒரு நாள் அவளாகவே ஒரு கேள்வி கேட்டாள். திரையில் பெரிய பங்களா. மாடிப்படி இரண்டாகப் பிரிந்து ஏறுகிறது. வேலைக்காரி காபித் தட்டோடு வந்து, ஒட்டுக்கேட்டு, ஏதோ சொல்லி ஏச்சு வாங்கிக்கொண்டு உள்ளே போகிறாள்.

"இன்னாம்மே, இவ வேல முடிச்சி எங்க போறா?"

"எங்கனா போவா. அவ வூட்டுக்கு."

"அத்தத்தான் கேக்கறேன். இவ்ளோ நாளா பாக்கறேன், அவ வூட்ட காட்டவே மாட்றானுங்களே. அவளுக்குப் புள்ளகுட்டி கீதா, புருசன் கீறானா, ராத்திரி இன்னா துன்றா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. எத்தனை ஆயிரம் மணி நேர சீரியல்! சமையல்கட்டு வரைக்கும் வருகிற கேமரா, பின்வாசலைத் தாண்டி அந்தப் பெண் பின்னால் போனதை நானும் பார்க்கவில்லை, அம்மாவும் பார்க்கவில்லை. வேலைக்காரி அந்த வீட்டிலேயே முளைத்து அந்த வீட்டிலேயே மறைகிறாள். அவளுக்குச் சாதி சொல்லப்படுவதில்லை. சொல்லவேண்டிய அவசியம் இல்லை. அவள் நிறம், அவள் கட்டிய புடவை, அவள் வாயில் வைத்த மெட்ராஸ் பாஷை எல்லாம் அதைச் சொல்லிவிடுகின்றன.

அம்மாவின் இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் 1974இல் ஒரு பதில் வந்திருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது.

கறுப்பின இலக்கியத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்து, தலித் இலக்கியத்தோடு சேர்த்து வைத்துப் பேசியவை தொண்ணூறுகளின் சிறு பத்திரிகைகள்தான். அந்தப் பழைய இதழ்களைத் தேடிப் படித்து வளர்ந்தவள் நான். ஆனால் நாங்கள் படித்ததெல்லாம் கவிதை, தன்வரலாறு, அரசியல் பேச்சு. கறுப்பின மக்கள் தினமும் ராத்திரி சாப்பிட்டுவிட்டு எதைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று யாரும் எழுதவில்லை. மொபைல் வந்த பிறகு யூடியூபில் பழைய அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களின் துண்டுகளைப் பார்க்க ஆரம்பித்தேன். கீழே ஓடுகிற எழுத்தை வைத்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

அந்த வரலாறு ஒரு வேலைக்காரியிடமிருந்துதான் ஆரம்பிக்கிறது. 1950இல் ஏ.பி.சி.யில் 'பியூலா' என்ற தொடர் வந்தது. கறுப்பின நடிகை ஒருவர் முதன்மைப் பாத்திரமாக வந்த முதல் அமெரிக்க நகைச்சுவைத் தொடர். பாத்திரம் என்ன? வெள்ளைக்காரர் வீட்டு வேலைக்காரி. அதற்கு முன் வானொலியில் அதே பியூலாவுக்கு முதலில் குரல் கொடுத்தவர் ஒரு வெள்ளைக்கார ஆண்! 1951இல் சி.பி.எஸ்.இல் 'ஏமாஸ் அண்ட் ஆண்டி' டி.வி.க்கு வந்தது. அதுவும் 1928 முதல் வானொலியில் இரண்டு வெள்ளைக்காரர்கள் கறுப்பின மக்களைப் போலப் பேசி நடித்த நாடகம்தான். டி.வி.யில் கறுப்பின நடிகர்களைப் போட்டார்கள், ஆனால் பாத்திரங்கள் அதே சோம்பேறி, அதே ஏமாற்றுக்காரன், அதே அசடு. என்.ஏ.ஏ.சி.பி. என்ற கறுப்பின மக்கள் உரிமைச் சங்கம் எதிர்த்துப் போராடியது. 1953இல் தொடர் நின்றது. ஆனால் மறு ஒளிபரப்பு ஓடிக்கொண்டே இருந்தது. 1966இல்தான் அதையும் எடுத்தார்கள். அந்தச் சங்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான டூ பாய்ஸுக்குத்தான் பாபாசாகேப் 1946இல் கடிதம் எழுதினார், கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்குக் கொடுக்கும் மனுவின் பிரதி கேட்டு. ஐ.நா. சபைக்கு மனு எழுதிய சங்கம், ஒரு நகைச்சுவை நாடகத்தையும் அதே அளவு முக்கியமான எதிரியாகப் பார்த்தது. நாம் இதைக் கவனிக்கவேண்டும்.

1972இல் 'மாட்' என்ற தொடர் வந்தது. மாட் என்பது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் பெயர். வசதியான, முற்போக்கு பேசுகிற பெண். அவள் வீட்டில் ஃபுளோரிடா என்று ஒரு கறுப்பின வேலைக்காரி. நடித்தவர் எஸ்தர் ரோல். அந்தப் பாத்திரம் மக்களுக்குப் பிடித்துப்போய், அவளை வைத்தே தனித் தொடர் எடுக்க முடிவு செய்தார்கள். 1974 பிப்ரவரியில் 'குட் டைம்ஸ்' வந்தது. அதாவது, வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வேலைக்காரியின் பின்னால் கேமரா போனது! போய்ச் சேர்ந்த இடம் சிகாகோவின் அரசுக் குடியிருப்பு. அடுக்குமாடி, பழுதான லிஃப்ட், கணவன், மூன்று பிள்ளைகள், வாடகைக் கவலை. தொடரை உருவாக்கிய இருவரில் ஒருவரான எரிக் மான்ட்டி அப்படிப்பட்ட கப்ரினி கிரீன் குடியிருப்பில் வளர்ந்தவர். நம் ஊரில் இதை எடுத்தால் கண்ணகி நகரிலோ பெரும்பாக்கத்திலோ எடுக்கவேண்டும்.

அந்த வீட்டில் முதலில் கணவன் பாத்திரமே இல்லை. தகப்பன் இல்லாத கறுப்பினக் குடும்பம், அதுதான் அன்றைய பொதுப்புத்தி. எஸ்தர் ரோல் ஒப்புக்கொள்ளவில்லை. கணவன் இருந்தால்தான் நடிப்பேன் என்றார். ஜான் ஏமோஸ் நடித்த ஜேம்ஸ் பாத்திரம் அப்படித்தான் வந்தது. வேலை தேடி அலைகிற, கோபப்படுகிற, பிள்ளைகள் மேல் பாசம் உள்ள ஒரு தகப்பன். ஆனால் தொடர் ஓட ஓட, மூத்த மகன் ஜே.ஜே.யின் கோமாளித்தனத்துக்கு அதிகச் சிரிப்பு கிடைத்தது. எழுதியவர்கள் அதையே பெருக்கினார்கள். ரோலும் ஏமோஸும் வெளிப்படையாக எதிர்த்தார்கள். 1976இல் ஏமோஸை நீக்கினார்கள். கதையில் அந்தத் தகப்பன் விபத்தில் செத்துப்போனான். எந்தத் தகப்பனுக்காக அந்த அம்மா சண்டை போட்டாரோ, அவனையே கொன்றுவிட்டார்கள். 1977இல் ரோலும் வெளியேறினார். ஜே.ஜே.யைத் திருத்தி எழுதுவதாகச் சொன்ன பிறகு 1978இல் திரும்பி வந்தார். அடுத்த வருஷம் தொடர் முடிந்துவிட்டது.

இதைப் படித்தபோது எனக்கு வேறு ஒரு விஷயம் புரிந்தது. கேமரா நம் வீட்டுக்குள் வந்தால் மட்டும் போதாது. வந்தபிறகு யார் எழுதுகிறார்கள், எங்கே சிரிப்பு வைக்கிறார்கள் என்பதற்காக உள்ளே இருந்து தினமும் சண்டை போடவேண்டும். எஸ்தர் ரோல் என்ற அந்த அம்மா புரட்சிப் பாட்டு எதுவும் பாடவில்லை. ஒரு சமையலறை செட்டில் நின்றுகொண்டு, 'இந்த வசனத்தைச் சொல்லமாட்டேன்' என்றார். அதுவும் போராட்டம்தான்.

சிரிப்பு வைப்பது என்று சொன்னேன். உண்மையிலேயே வைப்பதுதான். 1950களில் சார்லி டக்ளஸ் என்ற சி.பி.எஸ். ஒலிப் பொறியாளர் ஒரு பெட்டி செய்தார். அதில் பதிவு செய்த பலவகைச் சிரிப்புகள். பொத்தானை அமுக்கினால் கூட்டம் சிரிக்கும். எங்கே சிரிக்கவேண்டும் என்று பெட்டி சொல்லும், வீட்டில் இருப்பவனும் சிரிப்பான். தமிழில் அந்தப் பெட்டி வருவதற்கு முன்பே வேறொரு பெட்டி இருந்தது. அது மெட்ராஸ் பாஷை. 'இன்னா', 'கீது', 'வந்துகினு' என்று ஒரு பாத்திரம் வாயைத் திறந்தாலே சபாவிலும் சினிமாவிலும் டி.வி.யிலும் சிரிப்பு. நகைச்சுவை வேறு எதுவும் எழுதவேண்டியதில்லை. எங்கள் ஆயாவின் தாலாட்டு மொழி உங்களுக்குப் பொத்தான். எம்.ஏ. வகுப்பில் நான் முதல் நாள் எழுந்து பதில் சொன்னபோது வந்ததும் அதே சிரிப்புதான். வாயைத் திறந்து ஒரு 'இன்னா' சொன்னேன், முப்பது பேர் சிரித்தார்கள். பதில் சரியா தப்பா என்று யாரும் கேட்கவில்லை. சங்க இலக்கியத்தின் வழக்குச் சொற்களுக்கு உரை எழுதுகிற துறையில், உயிரோடு இருக்கிற ஒரு வழக்குக்கு உரை கிடையாது, சிரிப்புதான்.

அடுத்தது காசு. 1956இல் நாட் கிங் கோல் என்ற பெரிய பாடகருக்கு என்.பி.சி. ஒரு இசை நிகழ்ச்சி கொடுத்தது. அன்றைக்கு அமெரிக்கா முழுவதும் அவர் குரலுக்கு மயங்கிக் கிடந்தது. ஆனால் நாடு முழுவதற்குமான விளம்பரதாரர் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. கறுப்பின மனிதரோடு தங்கள் பொருளைச் சேர்த்துக் காட்டினால் தெற்கு மாநிலத்து வெள்ளைக்காரன் வாங்கமாட்டான் என்ற பயம். 1957 டிசம்பரில் நிகழ்ச்சி நின்றது. இதற்கு நேர் எதிரான கதை 'சோல் ட்ரெயின்'. 1970இல் சிகாகோவில் டான் கார்னிலியஸ் ஆரம்பித்தார். கறுப்பின இளைஞர்கள் தங்கள் பாட்டுக்குத் தாங்களே ஆடுகிற நிகழ்ச்சி. 1971இல் அதை மற்ற நகரங்களுக்குக் கொண்டுபோகக் காசு போட்டது ஜான்சன் புராடக்ட்ஸ். சுருட்டை முடிக்கான தைலம் செய்கிற, கறுப்பினத்தவருடைய சொந்தக் கம்பெனி. 2006 வரைக்கும் அந்த ரயில் ஓடியது. சோப்பு யாருடையதோ அவர்களுடையதுதான் நாடகம். தைலம் நம்முடையது என்றால் ஆட்டமும் நம்முடையது.

இங்கே சோப்பு வாங்குவதில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. அடுத்தவர் அழுக்கைத் துவைக்கிற கைக்குத்தான் சோப்பு அதிகம் செலவாகும். ஆனால் சோப்பு விளம்பரத்தில் நம் முகம் இல்லை. அது காசு கொடுக்கிற நாடகத்தில் நம் வீடு இல்லை. கானாப் பாட்டை சினிமாவும் டி.வி.யும் எடுத்துக்கொண்டன, சாவு வீட்டில் அதைக் கட்டி வளர்த்த தெருவை எடுத்துக்கொள்ளவில்லை. 2018 ஜனவரி 6இல் கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடை ஏறியபோது நான் கூட்டத்தில் நின்றேன். எந்தச் சேனலின் தயவும் இல்லாமல் கானாவும் ராப்பும் ஒரே மேடையில். அன்றைக்கு எனக்கு சோல் ட்ரெயின்தான் ஞாபகம் வந்தது. ஜன்னல் கம்பி இல்லாமல் பாட்டுப் பார்ப்பது எப்படி இருக்கும் என்பது தெரிந்தது.

அமெரிக்கா சொர்க்கம் என்று சொல்லவரவில்லை. 1975 முதல் 1985 வரை ஓடிய 'தி ஜெஃபர்சன்ஸ்' தொடரில் சலவைக் கடைகள் நடத்திப் பணக்காரனான ஒரு கறுப்பின மனிதன் மன்ஹாட்டன் மாடிவீட்டுக்குக் குடிபோகிறான். போனதும் அவன் வீட்டுக்கும் ஒரு வேலைக்காரி வருகிறாள், அவளும் கறுப்பினப் பெண். நம்மில் மேலே போனவர்கள் வீட்டுக் கதையும் ஒரு நாள் எழுதவேண்டியதுதான். கப்ரினி கிரீன் மாடிகளையும் 2011க்குள் இடித்துத் தள்ளிவிட்டார்கள். நாடகத்தில் வீடு கிடைத்த மக்களுக்கு நிஜத்தில் வீடு நிலைக்கவில்லை.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லவேண்டும். எங்கள் தெருவுக்கு டி.வி. கேமரா வந்தது எனக்குத் தெரிந்து ஒரே தடவை. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது. அம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்று பத்து நிமிஷம் பேசினாள். ஏரியை யார் பிளாட் போட்டார்கள், வாய்க்கால் எங்கே அடைபட்டது, எத்தனை மனு கொடுத்தோம், எல்லாம் சொன்னாள். நாலு நாள் கழித்துப் பக்கத்து வீட்டுப் பையன் மொபைலில் காட்டினான். அவள் முந்தானையால் கண்ணைத் துடைக்கிற நாலு வினாடி மட்டும் வந்திருந்தது. சத்தம்கூட இல்லை, மேலே சோக இசை. இலவச டி.வி. அந்த வெள்ளத்திலேயே போய்விட்டிருந்தது. அம்மா டி.வி.யில் வந்த நேரம் வீட்டில் டி.வி. இல்லை. "அழுதத்த மட்டும் எடுத்துக்கினானே, பேசனத்த இன்னா பண்ணான்?" என்று கேட்டாள்.

அந்தச் சேனலைத் திட்டிவிட்டு யோசித்துப் பார்த்தால், இயக்கத்தில் இருக்கும் நாமும் எழுத்தில் அதைத்தானே செய்கிறோம்? எரிந்தால் போகிறோம், வெட்டுப்பட்டால் போகிறோம். உண்மை அறியும் குழு அறிக்கை எழுதுகிறோம். அது வேண்டும், நாளைக்கும் எழுதுவோம். ஆனால் மற்ற முன்னூறு நாள் அந்த வீட்டில் என்ன நடக்கிறது? ஆயா கறிக்குழம்புக்கு மசால் அரைத்தபடி ஊர்த்தெருப் பெரிய மனுஷனைப் போலப் பேசிக்காட்டி எங்களை விழுந்து விழுந்து சிரிக்க வைப்பாள். பட்டாளத்துக்கு எழுதிய கடிதம், கட்டாத சீட்டு, ஓடிப்போன மாமன், மறுபடி திரும்பி வந்த மாமன் என்று கதைக்கா பஞ்சம்? நம்மைப் பார்த்து அவர்கள் சிரித்தார்கள் என்பதற்காக, நாம் சிரித்ததை எழுதாமல் விட்டுவிட்டோம். சிரிப்பை அவர்கள் பெட்டியிலேயே விட்டுவிட முடியாது. அழுகையைப் போல அதுவும் நம் சொத்து.

சென்னைத் தொலைக்காட்சி வந்து 2025 ஆகஸ்டோடு ஐம்பது வருஷம் முடிந்துவிட்டது. பியூலாவிலிருந்து ஃபுளோரிடா வரைக்கும், வேலைக்காரி தன் வீட்டுக்குப் போக அமெரிக்க டி.வி.யில் இருபத்துநாலு வருஷம் ஆனது. எழுதத் தெரிந்த பிள்ளைகள் இன்றைக்கு நம் தெருவில் இருக்கிறார்கள். செம்பரம்பாக்கம் பக்கம் படப்பிடிப்புத் தளத்துக்கு எங்கள் ஊர்ப் பையன்கள் லைட் தூக்கப் போகிறார்கள், பெண்கள் செட்டைப் பெருக்கப் போகிறார்கள். டி.வி.யைத் துடைத்த என் அம்மாவுக்கு அடுத்த தலைமுறை, டி.வி. வீட்டையே துடைத்துக்கொண்டிருக்கிறது. அவர்களில் ஒருத்தி எழுதுகிற மேசைக்குப் போகவேண்டும். அதற்கு என்ன செய்வது என்று நம் கூட்டங்களில் ஒரு மணி நேரமாவது பேசவேண்டும்.

போன மாதம் அம்மாவுக்கு 'குட் டைம்ஸ்' தொடரை மொபைலில் போட்டுக் காட்டினேன். இங்கிலீஷ் புரியாது. பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வசனமாக நம் பாஷையில் சொன்னேன். வசனத்துக்கு முன்னாலேயே அவள் வீட்டைப் பார்த்துவிட்டாள்.

"இது யாரு வூடு?"

"வேலக்காரி வூடும்மா. முந்தி ஒரு வெள்ளக்காரி வூட்ல வேல செஞ்சாளே, அவ வூடு."

கிட்டே வாங்கி வைத்துக்கொண்டு பார்த்தாள். வேலையிலிருந்து வந்த புருசன் அலுத்துப்போய் உட்காருகிறான். பிள்ளைகள் கத்துகின்றன. அவள் சமையல் மேடையில் நிற்கிறாள்.

"தோ பாரு, கூலிக்குப் போய் வந்த மூஞ்சி," என்றாள் அம்மா. "உங்க நைனா மாதிரியே உக்கார்றான்."

பெட்டிக்குள் கூட்டம் சிரித்தது. எதுக்குச் சிரிக்கிறாங்க என்று கேட்டாள். சொன்னேன். அவளுக்கும் சிரிப்பு வந்தது. நாளைக்கு அடுத்த பாகம் போடச் சொல்லியிருக்கிறாள். ஜேம்ஸ் சாகப்போவதை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.